வேதவல்லி சிஸ்டர் எடுத்துக் கொடுத்த ஸ்பிரிட்

போளூரில் ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தவாசல் பஸ் கண்டக்டர் குனிந்து, "உங்க வேதவல்லி சிஸ்டர் தவறிட்டாங்களாம். நேத்தே எடுத்துட்டாங்க" என்றார். பத்து மைல் தூரத்தில் இருக்கும் எனக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். சிஸ்டரோடு வேலை செய்தவர்களும், அவரிடம் பிள்ளைகளைக் காட்டிய மலைக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு தரும ஆஸ்பத்திரியின் மருத்துவ வண்டி ஜவ்வாது மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. பின்னால் தார்ப்பாய் போட்ட பிக்கப். நான் டிரைவர், அவர் நர்ஸ். எங்களுக்குள் பேச்சு நின்றுபோன நாட்கள்தான் அதிகம். ஜுரக்காரர் வீட்டு வாசலில் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டேன். "உள்ள இருக்கிறவங்களுக்குத் தலைவலி. உங்களுக்கு இன்னா, கல்யாண ஊர்வலமா?" என்று கேட்டவர், அன்று சாயங்காலம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் அவரே இரண்டு வேர்க்கடலை உருண்டை கொண்டுவந்து நீட்டினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

என் மைத்துனன் கல்யாணத்துக்கு நான் லீவு போட்டபோது வேறொருவர் வண்டி ஓட்டினார். பிரேக் ஆயில் குறைந்திருப்பதைப் பார்த்து, அந்தப் புண்ணியவான் சோப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து, ஜுரம் கண்ட இரண்டு பிள்ளைகளையும் அவர்கள் தாய்மாரையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினேன். பாதி வழியில் ஒரு வளைவில் பெடல் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்கரையில் வண்டியை உரசி நிறுத்தினேன். முன்பக்கம் நசுங்கியது. ஒருவருக்கும் அடியில்லை.

"இன்னா ஆச்சு?" என்று இறங்கி வந்தார் சிஸ்டர். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே வெள்ளையாக நுரை. பிரேக் சூட்டில் தண்ணீர் கொதித்துவிட்டது, பிரேக் பிடிக்காது என்றேன். கருவிப்பெட்டியில் புது பிரேக் ஆயில் இருந்தது. ஆனால் குழாய்களில் சோப்பை வைத்துக்கொண்டு புது ஆயிலை ஊற்றுவது வீண். ஸ்பிரிட் விட்டுக் கழுவ வேண்டும். அவர் மறுபேச்சு பேசாமல் மருந்துப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை முழுசாக எடுத்து நீட்டினார். கேட்காமலே, குளுக்கோஸ் ஏற்றும் குழாயிலும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். "குமிழி நின்னாத்தான் காத்து போச்சுன்னு அர்த்தம். எனக்கும் அதானே வேலை" என்றார்.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். பிள்ளைகளை மர நிழலில் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு அவர் டிரைவர் சீட்டில் ஏறினார். நான் பின்சக்கரத்தடியில் படுத்தேன். நான் "அமுக்குங்க" என்றால் அமுக்குவார். சக்கரத்துக்குப் பின்னால் காற்று வெளியேறும் நிப்பிளில் அந்தக் குழாய்த் துண்டை மாட்டி, அதைத் திறந்து மூடுவேன். மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. ஒருமுறை எடுத்துவிட்டார். காற்று திரும்ப உள்ளே போய்விட்டது. கத்தினேன். "பல்ல கடிச்சிக்கினு முனகினா எனக்கு இன்னா தெரியும்? வாயத் தொறந்து சொல்லுங்க" என்று அவரும் மேலேயிருந்து கத்தினார். அந்தத் தாய்மார் சிரித்துவிட்டார்கள். நான்கு சக்கரத்திலும் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, புது ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை அமுக்கி, பெடல் கல் மாதிரி ஆனபிறகே கிளம்பினோம். பிள்ளைகள் இருவரும் பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரி மேலாளருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காலி பாட்டிலும் நசுங்கிய வண்டியும்தான் பட்டன. மலையில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்பதால், மலைக்குப் போகிற டிரைவரும் குடிகாரன் என்று அவரே முடிவு கட்டினார். ஸ்பிரிட்டை நான் குடித்து வண்டியை மோதினேனாம். "பாட்டில் எப்படிப் போனதென்று தெரியாது என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்கு ஒன்றும் வராது" என்று என் எதிரிலேயே சிஸ்டரிடம் சொன்னார்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன். பிரேக் கழுவினோம். நம்பிக்கை இல்லன்னா வண்டிக்கு அடியில குனிஞ்சி பாருங்க சார்" என்றார் சிஸ்டர். அந்த மனிதர் குனியவில்லை. என் வேலை தப்பியது. சிஸ்டரை மலை வண்டியிலிருந்து எடுத்து, கீழே சீட்டு எழுதும் இடத்தில் உட்காரவைத்தார்கள். அதோடு விட்டார்களா? டிரைவரோடு சேர்ந்து அந்தம்மாவும் குடிக்கும் என்று பேச்சைக் கிளப்பினார்கள். ஒரு பெண்பிள்ளையை வீழ்த்த இவர்களுக்கு வேறு வழி தெரியாது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நான் கிளம்பியபோது சிஸ்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். "நீங்களும் போய்ட்டா வண்டிய யாரு ஓட்டுவாங்க? அந்த சோப்புக்காரரா?"

பிறகு வெகுகாலம் அந்த வண்டி நர்ஸ் இல்லாமல்தான் மலையேறியது. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் டிரைவரான என்னைக் கேட்டார்கள். நான் என்ன சொல்வேன்?

போன வாரம் ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம். அதே மேலாளர், இப்போது நரைத்துவிட்டார், மாலை போட்டுவிட்டுப் பேசினார். மலைக்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் சிஸ்டரே கீழே மாற்றல் கேட்டு வந்தாராம். நான் எழுவதற்குள், அன்று மர நிழலில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த தாய்மாரில் ஒருவர் எழுந்துவிட்டார். "சிஸ்டருக்கு மலை நல்லாத்தான் ஒத்துக்கிச்சி சார். சிஸ்டர்தான் உங்களுக்கு ஒத்துக்கல" என்றார். அந்தம்மாவை உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

இரங்கல் எழுதினால் கடைசியில் ஆன்மா சாந்தியடையட்டும் என்று முடிக்கச் சொல்கிறார்கள். சிஸ்டர் சாந்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது அவருடைய கோபம். அவர்மேல் சுமத்திய பழியை, சுமத்தியவர்கள் தங்கள் வாயாலேயே எடுக்கும்வரை நான் அந்தக் கோபத்தை ஆறவிட மாட்டேன்.