மூன்றாம் வரிசையில் ஒரு டைல்

அன்று விடிகாலை அந்தப் புது வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்காரர், அவர் சம்சாரம், அவர் மச்சான், ஐயர், மாடு பிடித்து வந்தவர், நான், என் மனைவி. பசுவும் கன்றும் தனி. சொந்தபந்தம் எட்டு மணிக்கு மேல்தான் வருவதாக இருந்தது. நடந்ததை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இன்னும் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கழித்தால் ஆறு பேர்.

வெண்ணந்தூர் போகிற வழியில் இருந்த வீடு அது. வீட்டுக்காரர் ரிக் வண்டி வைத்து வெளிமாநிலங்களில் போர்வெல் போடுகிறவர். தரை முழுக்க டைல் ஒட்டியது நான். சித்தாள் என் மனைவி. கலவை போடுவதும் டைல் தூக்கிக் கொடுப்பதும் அவள் வேலை. ஒன்பது வருடமாக அப்படித்தான். எங்கள் பக்கம் புதுவீட்டுக்குள் முதலில் பசு போகும். பிறகுதான் மனிதர்கள். அதன் பிறகு வேலை செய்தவர்களுக்கு வேட்டி, துண்டு வைத்து, தட்டிலேயே கணக்கை முடித்து அனுப்புவார்கள். அதற்காகத்தான் நின்றிருந்தோம்.

அதற்கு முந்தின வாரமே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்: "இந்த ஊட்டுலயாவது ஒட்டுனத ஒடைக்காம முடிங்க. இல்லீன்னா நான் வேற ஆளுககிட்ட வேலைக்குப் போயிருவேன்." சொன்னபடி செய்கிறவள்.

டைல் ஒட்டி முடித்ததும் சுத்தியல் கட்டையால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பேன். கீழே கலவை நிறைந்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். எங்காவது இடைவெளி இருந்தால் காலிப் பெட்டியைத் தட்டினது போல் கேட்கும். எல்லா வீட்டிலும் நாலைந்து அப்படி இருக்கும். யாரும் அதனால் செத்ததில்லை. வேலை முடிந்து, தரை துடைத்து, வீட்டுக்காரர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன பிறகு, பசு புகுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு நான் மறுபடியும் தட்டினேன். நிலைவாசலைத் தாண்டி மூன்றாம் வரிசையில் ஒன்று, ஒரு மூலையில் மட்டும், காலியாகக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள்.

"உனக்கு எங்க கேக்கும்?"

"கேக்கலீன்னா நல்லதுதானுங்க. யாருக்குமே கேக்காது. வாங்க, போலாம்."

நான் உளியை எடுத்தேன். அவள் கழுவி வைத்த சிமெண்ட் சட்டியை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடியும் கலவை போட்டாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒத்துக்கொள்ளாமல் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் வருகிற கோபம். கலவையில் தண்ணீர் அதிகம் என்று கத்தினேன். அதிகமில்லை.

புது டைலைப் பதித்து, மேலே ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து முடித்ததும், ஈரம் காயும்வரை யாரும் மிதிக்காமல் இருக்க அதைச் சுற்றியும் மேலேயும் நாலு செங்கல் வைக்கலாம் என்றாள். எந்த மேஸ்திரியும் அதைத்தான் செய்வான். நான் வேண்டாம் என்றேன். செங்கல் பாரத்தில் அரை நூல் அமுங்கிவிடும் என்று எனக்குப் பயம். அரை நூல் என்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

காலையில் மச்சான் கதவைத் திறக்க, ஐயர் மந்திரம் சொல்ல, பசு உள்ளே போனது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மூன்றாவதில் வலது முன்னங்கால் பட்டதும் டைல் ஒரு பக்கமாக இறங்கியது. மாடு வழுக்கி இரண்டு முட்டியும் தரையில் பட மண்டியிட்டது. கன்று கயிற்றோடு தெருவுக்கு ஓடியது.

"மாடு மண்டி போட்டுருச்சே" என்றார் வீட்டுக்காரர் சம்சாரம். மெதுவாகத்தான் சொன்னார்.

"பகவானை நமஸ்காரம் பண்றதும்மா. நல்ல சகுனம்" என்றார் ஐயர். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டவன். ஆனால் யாரும் நம்பவில்லை.

மச்சான் குனிந்து ஈரக் கலவையை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏனுங்க மேஸ்திரி, நேத்து நல்லாத்தான இருந்துச்சு? இதை எதுக்குப் பேத்தீங்க?"

"சத்தம் சரியில்லீங்க."

"சத்தமா?" வீட்டுக்காரர் சிரித்தார். "நான் குடியிருக்க ஊடு கட்டுனனுங்க மேஸ்திரி, கச்சேரி வெக்கறதுக்கா கட்டுனேன்?"

அவர் சம்சாரம் என் மனைவியைப் பார்த்தார். "ஏஞ்சாமி, நீயாச்சும் சொல்லப்படாதா?"

"சொன்னா எங்கீங்க கேக்கறாரு. எங்கூட்டுல தோசைக்கு ரசமட்டம் வெச்சுப் பாக்காததுதானுங்க பாக்கி."

மாட்டுக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக அவளை நான் ஒரு மாதம் மன்னிக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு பைசா பிடிக்காமல் முழுப் பணத்தையும் தட்டில் வைத்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் வைத்தார். கத்தியிருந்தால் தேவலை.

'வேலை சுத்தம்' என்று என்னைச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களுக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில் முதல் கேள்விக்கான பதிலை மூன்று தடவை அடித்து எழுதினேன். நாலாவது தடவை சுத்தமாக வந்தபோது மணி அடித்துவிட்டது. இரண்டாம் கேள்வியே எழுதவில்லை. அத்தோடு பள்ளிக்கூடம் போகவில்லை. அன்றைக்கு அழுதது பெயிலானதற்காக அல்ல, அந்த மூன்று அடித்தல்களுக்காக. சுத்தமாம். இது பயம். பயத்துக்கு ரசமட்டம் வாங்கிக் கொடுத்தால் என்ன செய்யுமோ, அதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன். என் பயத்தின் பாரத்தை என் மனைவி சுமந்தாள்.

வண்டியில் எங்கள் ஊரான ஆட்டையாம்பட்டிக்கு வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "எனக்குக் கூலி வேணுங்க."

"எதுக்கு? எல்லாம் ஒரே ஊட்டுப் பணந்தான?"

"ஒட்டுன நாளுக்கெல்லாம் வேண்டாம். அது குடும்பத்துக்குச் செஞ்சது. நீங்க ஒடச்சு ஒடச்சு மறுக்கா ஒட்டுனீங்களே, அந்த நாளுக்கு மட்டும் குடுங்க. அது உங்களுக்காகச் செஞ்சது."

"எத்தன நாளுன்னு உனக்குத் தெரியுமா?"

"முப்பத்தொண்ணு."

யோசிக்காமல் சொன்னாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த திங்கட்கிழமை வேறொரு மேஸ்திரியின் ஆட்களோடு வேனில் ஏறிப் போய்விட்டாள். அந்த ஆள் போட்ட தரையை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றினால் நடு ஹாலில் குளம் கட்டும். ஐந்து மணிக்கு வேலையை விட்டுவிடுகிறார்கள். அவள் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, அங்கே நடந்ததைச் சொல்லிச் சிரிக்கிறாள். என்னோடு வேலை செய்த ஒன்பது வருடத்தில் சாயங்காலம் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. திரும்ப வரச்சொல்லிக் கேட்டேன். "பாக்கியை முடிங்க, அப்பறம் பேசலாம்" என்கிறாள்.

நான் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். அவள் கணக்கில் இரண்டு நாள் விட்டுப்போயிருந்தது. ஒரு வீட்டில் குளியலறைச் சுவரை இரண்டு நாள் பேர்த்து ஒட்டியதை அவள் மறந்திருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை. முப்பத்து மூன்று நாள், நாள் ஒன்றுக்கு எழுநூறு ரூபாய். எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்திருக்கிறேன். இன்னும் கொடுக்க வேண்டியது பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய்.