மண்மேட்டில் ஏறி அனுப்பிய ஈமெயில்: புதுப் போனுடன் நெய்வேலிக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நெய்வேலி போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல, வேலைக்கு. நான் தண்ணீர் இறைக்கும் பம்ப் செய்கிற ஒரு சென்னைக் கம்பெனியில் சர்வீஸ் பார்க்கிறேன். சர்வீஸுக்கு வெளியூர் போகிறவர்களில் பெண் நான் ஒருத்திதான். எங்கள் மேனேஜர் புதிதாக இரண்டு போன் வாங்கியிருந்தார். ஆபீஸ் ஈமெயில் தானாகவே வந்து விழும் வகை. அரிசி மணி அளவு பட்டன்களோடு முழு கீபோர்டும் உண்டு. ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினார்.

"நெய்வேலிக்கு எடுத்துட்டுப் போ தேவகி. ஆபீஸ்ல இல்லாமலே ஆபீஸ் வேலை நடக்குதான்னு பாரு. நீ சொல்றதை வச்சுதான் மத்தவங்களுக்கு வாங்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்."

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு. கேமராகூட இல்லாத போனை இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்றார் ஒருவர். சுரங்கத்துக்குள் இறங்கி பம்ப் பார்க்க இந்தப் பெண்ணை அனுப்புவதே அதிகம், இதில் போன் வேறா என்று இன்னொருவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னது. கேட்டது.

கோயம்பேட்டில் விடியும் முன்னே பேருந்து. திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி வழியாக இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. வழியில் போனைச் சோதித்துக்கொண்டே வந்தேன். ஊர்களை ஒட்டிப் போகும்போது மெயில் வந்துவிடுகிறது, இடையில் வயல்வெளியில் நின்றுவிடுகிறது, அடுத்த ஊர் வந்ததும் நாலைந்தாகச் சேர்ந்து விழுகிறது. காடாம்புலியூர் தாண்டி முந்திரித் தோப்புகளுக்குள் நுழைந்தபோது சிக்னல் சுத்தமாகப் போனது. தமிழில் வந்த ஒரு மெயில் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், வாங்குபவர்களுக்கு உதவும்.

ஆர்ச் கேட்டில் இறங்கினால் டவுன்ஷிப்புக்குள் போக ஆட்டோ கிடைக்கும். எனக்கு ஜீப் வந்திருந்தது. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் ஒப்பந்தம் எடுத்திருக்கும் ஒரு தனியார் காண்ட்ராக்டரின் ஜீப். ஓட்டியவர் இப்ராஹிம் பாய், குறிஞ்சிப்பாடிக்காரர். நெய்வேலி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே நிலக்கரிக்கு அடியில் பெரிய நீரூற்று இருக்கிறது. இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அதனால் இந்த ஊரில் பம்ப் ஒழுகுகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

கேட்டில் காவலர் என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேமரா எங்க மேடம்?"

"இல்லைங்க."

"இம்மாம் பெரிய போன்ல கேமரா இல்லியா?" என்று என்மேல் பரிதாபப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார். சுரங்கத்துக்குள் கேமரா கூடாது; எனக்கு முன்னால் கேமரா போனோடு நின்றவர் அதை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே இறங்கும் பாதையில் மண் நிறம் மாறிக்கொண்டே வரும். மேலே செம்மண், பிறகு மஞ்சள், வெள்ளை, கடைசியில் கறுப்பு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அன்று ரசிக்க நேரமில்லை. கீழே சைட் இன்ஜினியர் அன்பழகன் கோபமாகக் காத்திருந்தார்.

"மூணாவது சீல் மேடம் இது. மாத்துறோம், பத்து நாள்ல ஒழுகுது. உங்க பம்ப் சரியில்ல. இன்னிக்கி சாயங்காலம் மீட்டிங். ஆறு பம்ப்பையும் கழட்டிட்டு வேற கம்பெனி போட்டுடலாம்னு பேச்சு."

சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் பிடித்துக்கொள்ளும் வளையம். கழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பம்ப் நேராகச் சுற்றினால் இப்படித் தேயாது. நிமிர்ந்து குழாயைப் பார்த்தேன். தண்ணீரை உள்ளே இழுக்கும் பெரிய இரும்புக் குழாய், கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் பம்ப்பையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"குழாய் போல்ட்டுகளைக் கழட்டச் சொல்லுங்க சார்," என்றேன். இரண்டு ஃபிட்டர்கள் கழற்றினார்கள். கடைசி போல்ட் விட்டதும் டம் என்ற சத்தத்தோடு குழாய் பம்ப்பை விட்டு ஒரு விரல்கடை கீழே இறங்கி நின்றது. அவ்வளவு பாரத்தையும் இத்தனை நாள் பம்ப் சுமந்திருக்கிறது. வளைந்துபோய்ச் சுற்றியிருக்கிறது. ஃபிட்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்பழகன் லேசில் விடவில்லை. "எல்லா கம்பெனிக்காரங்களும் குழாய் மேலதான் பழி போடுவாங்க. தாங்கல் குடுத்தும் ஒழுகினா?"

"ஒழுகாது சார்."

"நீங்க சொல்லிடுவீங்க. ஒழுகினா புது பம்ப் சும்மா தரோம்னு உங்க கம்பெனி எழுத்துல குடுக்கட்டும். மீட்டிங்க்கு முன்னாடி எனக்கு வேணும்."

அந்த வாக்குறுதியைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மேனேஜர் அன்று கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். இந்தப் போன் வருவதற்கு முன்னால் என்றால் டவுன்ஷிப்புக்குப் போய் இன்டர்நெட் சென்டர் தேடி, மெயில் போட்டு, அவர் ராத்திரி ஓட்டலுக்குத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மீட்டிங் முடிந்திருக்கும்.

போனை எடுத்தால் ஒரு கோடுகூட இல்லை. "கீழ கெடைக்காது மேடம், மேல மண்மேட்டுக்கிட்ட கெடைக்கும், வாங்க," என்று இப்ராஹிம் பாய் ஜீப்பைக் கிளப்பினார். சுரங்கத்திலிருந்து வெட்டிய மண்ணைக் கொட்டிவைத்த மேடு அது. மேலே ஏறியதும் சிக்னல் வந்தது. மேனேஜரைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும். எடுக்கவில்லை.

ஜீப்பில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் அடிக்க ஆரம்பித்தேன். என்ன பார்த்தேன், சீல் எப்படித் தேய்ந்தது, குழாய் எவ்வளவு இறங்கியது, என்ன செய்யவேண்டும். கடைசியில், "தாங்கல் கொடுத்த பிறகு ஒழுகாது என்பதற்கு நான் பொறுப்பு. உத்தரவாதம் தர அனுமதி வேண்டும்" என்று அடித்துவிட்டு ஒரு கணம் விரல் நின்றது. ஒழுகினால் போனும் போகும், நானும் போவேன். பக்கத்து மேஜைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஆனால் அந்தக் குழாய் இறங்கிய சத்தம் அதைவிடப் பெரிதாக ஞாபகத்தில் இருந்தது. அனுப்பினேன்.

"சாரு எடுக்கலியே, இத மட்டும் பாப்பாரா?" என்றார் பாய்.

"தெரியலை பாய்."

காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்தோம். மெயில் வந்ததென்று போனின் சிவப்பு விளக்கு மினுக்கியது. கூட்டத்தின் நடுவே மேஜைக்கு அடியில் வைத்து அடித்திருப்பார் போல, எழுத்துப்பிழையோடு இரண்டே வரி: உத்தரவாதம் தருகிறோம். தேவகி பார்த்துச் சொன்னால் கம்பெனி சொன்ன மாதிரி.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டாவது வரியை நான் எதிர்பார்க்கவில்லை.

"இன்னா மேடம், கண்ணு கலங்கிக்கினு கீது?" என்றார் பாய். தூசி என்றேன். மேனேஜரின் மெயிலை அப்படியே அன்பழகனின் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினோம். அவர் வாக்கி-டாக்கியில் ஆபீஸுக்குப் பேசி, மெயில் வந்ததை உறுதி செய்துகொண்டார். பிறகு அவரே முன்னால் நின்று மரக்கட்டைகளை அடுக்கிக் குழாய்க்கு முட்டுக் கொடுக்க வைத்தார். புது சீல் போட்டு ஓட்டினோம். கையை வைத்துத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. "மத்த அஞ்சையும் பாத்துட்டுப் போயிடுங்க மேடம்," என்றார். கோபம் போன குரல். பம்ப்புகள் இன்றுவரை ஒழுகவில்லை. அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

போனைப் பற்றி என் கணக்கு இதுதான். பேசுவதற்கு மட்டும் என்றால் வாங்காதீர்கள். பேருந்துச் சத்தத்தில் எதிர்முனைக் குரல் கேட்கவில்லை, காதில் வைத்தால் சோப்புப் பெட்டி மாதிரி அகலம். படமாக வரும் டிராயிங் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். எண்களை மெயிலிலேயே அடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் மெயிலுக்கு இதற்கு ஈடில்லை. எடுக்காத போனைவிட, கூட்டத்தில் திருட்டுத்தனமாகப் படிக்க முடிகிற மெயில் எவ்வளவோ மேல். வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், எல்லாருக்கும்.

நெய்வேலிக்கு வேலையாகப் போகிறவர்கள் அனுமதிக் கடிதத்தை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கனமான ஷூ கட்டாயம். வெயில் காலமென்றால் தொப்பியும் தண்ணீரும். பலாப்பழப் பருவமென்றால் பண்ருட்டியில் ஒரு பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் போனாலும் தப்பில்லை.

திரும்பும் வழியில் முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கினேன். எங்கள் வீடு அங்கேதான். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, போனைத் தொடாமல் எட்டிப் பார்த்தாள்.

"இதுலயா கடுதாசி எழுதுன? படி, கேக்குறேன்."

இங்கிலீஷில் எழுதியதைத் தமிழாக்கிப் படித்தேன். சீல், போல்ட், குழாய் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் கீழே இருந்ததையும் படித்தேன்: மு. தேவகி, சர்வீஸ் இன்ஜினியர்.

"அத யாரு எழுதுனது?"

"யாரும் எழுத வேணாம்மா. நான் எது அனுப்புனாலும் கீழ தானா வரும்."

"ஒவ்வொரு தபாவுமா?"

"ஒவ்வொரு தபாவும்."

அம்மா விரலை மறுபடி புடவையில் துடைத்துவிட்டு, நான் காட்டிய அந்த வரியைத் தொட்டாள்.

"வரட்டும்," என்றாள்.