மூன்று தரம் மன்னித்தேன்

புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில், குளியலறைச் சாமான் விற்கும் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் மொரோக்கோவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பெண், என்னைவிட மூத்தவள், நிரந்தர ஊழியர். நான் ஏஜென்சி அனுப்பிய தற்காலிகம். வாடிக்கையாளரோடு பிரெஞ்சில் பேசத் தடுமாறும்போதெல்லாம் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிச் சமாளித்தவள் அவள்தான்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவளுக்கு யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு விரதம் வரும். ஒரு மாலை பொழுதுபட்டதிலிருந்து மறுநாள் இருட்டும்வரை அன்னம் தண்ணீர் இல்லை, குளிப்பு இல்லை, தோல் செருப்பும் இல்லை. பாலையும் பழத்தையும் உள்ளே தள்ளிவிட்டு அதைக் கந்தசஷ்டி விரதம் என்று சொல்லித் திரியும் எனக்கு மலைப்பாக இருக்கும்.

விரதத்துக்கு முதல்நாள் அவள் அரைநாளோடு வீட்டுக்குப் போவாள். போகுமுன் மேசை மேசையாகச் சென்று மன்னிப்புக் கேட்பாள். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர் மன்னித்தால்தான் உண்டு என்பது அவர்கள் சட்டம். "மன்னித்தேன்" என்று நாங்கள் மூன்று தரம் சொல்லவேண்டும். ஒருமுறை என் ஊறுகாயைக் கேட்காமல் தின்றதற்கு மன்னிப்புக் கேட்டாள். போனால் போகிறது என்று மன்னித்தேன்.

அந்த வருடம் என் வயிற்றில் பிள்ளை. மனேஜர் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் பிள்ளை பெற்று விடுமுறை முடிந்ததும் அதே கதிரைக்குத் திரும்பலாம். இல்லையென்றால் வேலை போனது போனதுதான்.

"மூண்டு மாசம் போகட்டும். அதுக்குள்ள ஒருத்தரோடையும் கதையாதையும்" என்றார் என் கணவர்.

ஓம் என்றேன். ஆனால் கோப்பி மணத்துக்கே நான் எழுந்து ஓடுவதைப் பார்த்து அவள் கேட்டபோது மறைக்க மனம் வரவில்லை. என் அம்மாவுக்கே சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். கட்டிப்பிடித்தாள். கர்ப்பிணி ஒருத்தி சாப்பாட்டு மணத்துக்கு ஆசைப்பட்டுத் தவித்தால், அந்த விரத நாளிலும் அவளுக்கு ஊட்டச் சொல்கிறது எங்கள் சட்டம் என்றாள். எவ்வளவு இரக்கமான சட்டம் என்று உருகிப்போனேன்.

விரதத்துக்கு முதல்நாள் என்னிடம் வந்தாள். இம்முறை பகிடி இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து, "தெரிந்தோ தெரியாமலோ நான் உனக்கு ஏதும் செய்திருந்தால் மன்னித்துவிடு" என்றாள். நீ எனக்கு என்ன செய்யப்போகிறாய் என்று சிரித்தபடி மூன்று தரம் சொன்னேன். அவள் கண் கலங்கியது. பாவம், நாளைக்குப் பட்டினி கிடக்கவேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் விரதத்தில் இருக்க, மனேஜர் என்னைக் கூப்பிட்டார். முதலில் வாழ்த்துச் சொன்னார். பிறகு, இந்த நிலைமையில் நிரந்தர வேலை உனக்குச் சுமையாக இருக்கும், வேறு ஒருவரை எடுக்கிறோம் என்றார்.

"அவருக்கு ஆர் சொன்னது? நீர் ஆரிட்டையும் சொன்னனீரோ?" என்று கணவர் கேட்டார். நான் அவள் ஒருத்திக்குத்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த நாள் காலை அவள் மேல்சட்டையைக் கழற்றுமுன்பே, மனேஜருக்குச் சொன்னது நீயா என்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை. தன் அக்காவின் மகள் வேலையில்லாமல் இருக்கிறாள் என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "நீதான் மன்னித்துவிட்டாயே" என்றாள்.

நான் விடவில்லை. "என்ன செய்தாய் என்று தெரியாமல் சொன்னது மன்னிப்பா?"

"தெரிந்திருந்தால் மன்னித்திருப்பாயா?"

"மாட்டேன்."

"அதனால்தான் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

திங்கட்கிழமை அந்த அக்காவின் மகள் வந்தாள். நல்ல பிள்ளை, மரியாதையாக வணக்கம் சொன்னாள். வேலை பழக்கிவிடும்படி மனேஜர் அவளை என்னிடம்தான் அனுப்பினார். இன்னொரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு, அவளை உட்காரச் சொன்னேன்.