சத்தத்துக்குத் தனி வயர்

அம்மா இறந்தபோது அண்ணன் சவுதியில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. எங்கள் பக்கம், பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போன வீடுகளில் அடக்கத்துக்கும் வீடியோக்காரரைக் கூப்பிடுவது வழக்கம். வர முடியாதவன் பிறகாவது பார்க்க வேண்டுமே. நாங்களும் கூப்பிட்டோம். அம்மாவின் முகத்துக்கு நேரே லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரை அன்று எனக்கு அடிக்கத் தோன்றியது.

கேசட் வந்தது. அண்ணன் தங்கியிருந்த அறையில் அதைப் போட்டுப் பார்க்க டெக் இல்லை. கூட இருந்தவரிடம் கம்ப்யூட்டர் இருந்தது. சிடியாக்கித் தாருங்கள் என்றால், கல்யாண சீசன் முடியட்டும் என்றார் வீடியோக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சவுதிக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் டிவி ட்யூனர் கார்டு இருந்தால் டெக்கில் ஓடும் படத்தை நாமே பதிவு செய்யலாம் என்று யாரோ சொல்ல, அதைத் தேடிக் கிளம்பினேன்.

நாகர்கோவிலில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்கள். மானிட்டரில் டிவி பார்க்க அது போதும், பதிவு செய்யாது. கிரிக்கெட்டா, சீரியலா என்று ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மாவின் அடக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. கிரிக்கெட் என்றேன். கடைசியில் கருங்கல் ஊரில், ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டர்கள் குவிந்து கிடந்த ஒரு கடையில் பதிவு செய்யும் பழைய கார்டு ஒன்று அகப்பட்டது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது சந்தோஷமாக இருந்தது. எதற்கு இந்தச் சந்தோஷம் என்று என்மேலேயே எரிச்சலும் வந்தது.

ஒரு டெக்கை இரவல் வாங்கிக் கார்டில் மாட்டி ஓடவிட்டேன். அழுகைச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அடுத்த அறையிலிருந்து அப்பா, அதை நிறுத்து என்றார். படத்துக்கு ஒரு வயர், சத்தத்துக்கு வேறு வயர். சத்தத்துக்கான வயரைப் பிடுங்கிவிட்டுப் படத்தை மட்டும் பதிவு செய்தேன். அண்ணனும் அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் கேட்க வேண்டாம், முகத்தைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

சிடி போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தான். எடுத்ததுமே கேட்டான்.

"அம்மைக்கி ஆரும் அழல்லியா மக்கா?"

வயரைப் பற்றிச் சொன்னேன். நம்பினானா தெரியாது. போனை வைத்ததும், என்ன சொன்னான் என்று அப்பா கேட்டார். சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய், நான் திருப்பிக் கொடுத்திருந்த டெக்கைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"அந்த ஒயர மாட்டு. அவன் கேக்கட்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சவப்பெட்டியை மூடும் இடம் வந்தது. பெண்களின் அழுகைக்கு மேலே ஓர் ஆண் குரல், "ஏட்டி, எழும்புட்டி, ஏட்டி" என்று அலறிக்கொண்டே இருந்தது. அப்பாவின் குரல். அன்றைய கூட்டத்தில் எனக்கு அது காதில் விழவே இல்லை. இது வந்துவிடும் என்றுதான் அவர் நிறுத்தச் சொன்னார் என்று அப்போது புரிந்தது.

சத்தத்தைக் குறைக்கவா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.