எலும்புப் பொடி எதில் செய்தது?

போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரம், கிள்ளான் பாசாரில் காய்கறி வாங்கப் போனபோது ஈரத் தரையில் வழுக்கி விழுந்து என் முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தேன். நான் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் முன்னால் சிரிக்கவே கூச்சமாக இருந்தது. சில மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, கணவரை அழைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். எக்ஸ்ரேயைக் காட்டி, பல் இருந்த இடத்தில் தாடை எலும்பு கரைந்துவிட்டது, இப்போது எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளாண்ட் பல் வைத்தால் நிற்காது என்றார். முதலில் அந்தப் பள்ளத்தில் எலும்புப் பொடியை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தித் தைக்க வேண்டுமாம். அதற்கடியில் புது எலும்பு வளருமாம். சரி என்று தலையாட்டினேன்.

"புவான், நீங்க இந்துவா?" என்று மரியாதையாக மலாயில் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பல் கட்ட வந்த இடத்தில் இது எதற்கு? என் முகம் மாறியதைப் பார்த்ததும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வழக்கமா போடுற பொடி மாட்டெலும்புல செய்யறது. சவ்வு பன்றித் தோல். நாங்க முஸ்லிம். என் அப்பாவுக்கு வேற ஒரு இடத்துல கேட்காமலே பன்றிச் சவ்வை வெச்சுட்டாங்க. அப்புறம் தெரிஞ்சு மனுஷர் உடைஞ்சு போயிட்டாரு. அதனால நான் எல்லாரையும் கேட்டுடுவேன்."

நான் சுத்த சைவம். கணவரைப் பார்த்தேன்.

"மருந்துதானே லா. உள்ள போனா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியுமேங்க."

எங்கள் தமிழ் அந்த மருத்துவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பொடி, சவ்வு இரண்டுமே செயற்கையிலும் உண்டு, வரவழைக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். காத்திருக்கிறேன் என்றேன்.

பொருள் வந்தது, தைத்தார்கள். மாதக்கணக்கில் கடைவாயாலேயே மென்று தின்றேன். எலும்பு நன்றாகப் பிடித்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளில் கணவருக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம். இப்போது புதுப்பல்லோடு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அந்த மருத்துவர் கேட்காமலே மாட்டெலும்புப் பொடியை வைத்திருந்தாலும் பல் இதே மாதிரிதான் இருந்திருக்கும், எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அப்படியிருந்தும் கேட்டாரே, அதை நினைக்கும்போதெல்லாம் நானும் அடுத்தவர் விஷயத்தில் அப்படி நடந்துகொள்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.