என் இடது காலுக்கு நடந்த விசாரணை

என் இடது கால் யார் செய்த பாவம் என்ற விசாரணை எங்கள் ஊர்க் கிறிஸ்தவச் சபையில் ஆறு மாதம் நடந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு நடமாடிய என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது. இப்போது கிழவியாகிவிட்டேன். கோபம் மட்டும் வயதாகாமல் அப்படியே இருக்கிறது.

பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. வெளி விளிம்பை ஊன்றித்தான் நடப்பேன். நடை கொஞ்சம் மெதுவே தவிர, தண்ணீர் சுமப்பேன், களை எடுப்பேன், மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு சபைக் கோயிலிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். அன்றைக்கு இதெல்லாம் சேலம் ஜில்லா. சபை என்றால் இருபது குடும்பமும் ஓடு போட்ட ஒரு கோயிலும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உபதேசியாரும். ஆண்டவர் பேரில் அப்பம் பகிர்கிற திருவிருந்தைக் கொடுக்கும் அதிகாரம் உபதேசியாருக்குக் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மிஷன் பங்களாவிலிருந்து வெள்ளைக்காரத் துரை வந்து கொடுப்பார்.

ஆனால் அந்த விருந்தில் யார் உட்காரலாம் என்று முடிவு செய்வது உபதேசியார்தான். முந்தின வாரம் வீடு வீடாக வருவார். மனசாட்சி உறுத்துகிறதா, யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்களா, மாரியம்மன் திருவிழாவுக்குப் போனீர்களா என்று கேட்பார். திருப்தியானால் ஒரு சீட்டு கொடுப்பார். சீட்டு உள்ளவர்கள் முன்னால் விரித்த பாயில் உட்காரலாம். இல்லாதவர்கள் வாசற்படியோரம், செருப்புக்குப் பக்கத்தில்.

விருந்துக்கு அப்பம் சுடுகிறவள் என் அம்மா. எங்களுடையது ராகி விளைகிற பூமி, மூன்று வேளையும் களிதான். கோதுமையை நாங்கள் கண்ணால் பார்ப்பதே துரை அதை பஸ்ஸில் அனுப்பும்போதுதான். அம்மா சின்ன வயதில் பங்களாச் சமையல்கட்டில் வேலை பார்த்தவள் என்பதால் அவளுக்கு மட்டும் அந்த அப்பம் பக்குவமாக வரும். அரைத்து, சலித்து, உப்புப் போடாமல் பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, மண்ணோட்டில் போட்டுச் சுட்டு எடுப்பாள். அடுப்பில் அது இருக்கும்போது வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது.

அவளுக்கு அந்த விருந்து அவ்வளவு முக்கியம். ஏன் என்பது எனக்குத் தெரியும். ஊர் டீக்கடையில் எங்களுக்கு என்று தனியாகக் கொட்டாங்குச்சி வைத்திருந்தார்கள். அதில் குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். துரை எடுத்த தட்டிலிருந்தே தானும் எடுத்துத் தின்கிற இடம் அம்மாவுக்கு இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதற்காகத்தான் அவள் இந்த வேதத்துக்கு மாறி வந்தாள் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

யுத்தம் ஆரம்பித்த புதிது. ஒரு நாள் கிணற்றடியில் ஒருத்தி அம்மாவிடம், "உம் பொண்ணுக்கு எப்பக் கண்ணாலம்?" என்று கேட்டாள். பதில் தெரிந்துகொண்டே கேட்டாள். அம்மாவும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "போன ஜென்மத்துல என்னா பண்ணிட்டு வந்தாளோ, இந்தக் காலோட பொறந்திருக்கா. யாரு வந்து கட்டுவாங்க?" என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பெருமூச்சோடு சொல்கிற பேச்சுதான் அது. குடம் வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு உபதேசியார் காதுக்குப் போய்விட்டது.

அந்த வாரம் அவர் சீட்டு கொடுக்க வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஞானஸ்நானம் வாங்கிப் பன்னெண்டு வருசம் ஆச்சு. இன்னும் போன ஜென்மம், வர்ற ஜென்மம்னு பேசிக்கிட்டுத் திரியறியா?"

"வாய் தவறி வந்துடுச்சுங்க அய்யா."

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அவரும் சீட்டை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டுவிட்டார். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அம்மாவால் அதை விழுங்க முடியாது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? போன ஜென்மம் இல்லீன்னா, இந்தக் காலு எதுனாலங்க?"

"பாவத்தினால."

"யாரு பாவங்க?"

"பெத்தவங்க பாவம். என்ன பாவம்னு நீதான் யோசிச்சுப் பாக்கணும்." கையைப் பையிலிருந்து வெறுமனே வெளியே எடுத்தார். "யோசிச்சு, சபை முன்னால எந்திரிச்சுச் சொல்லு. சீட்டு அப்புறம் பாக்கலாம்."

பெற்றவர்கள் என்றால் இரண்டு பேர். என் அப்பா தொப்பூர்க் கணவாய் ரோட்டில் சல்லி உடைக்கப் போய், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஜில்லாவில் மதுவிலக்கு வந்த பிறகும் சில சனிக்கிழமைகளில் அவர் தள்ளாடிக்கொண்டே வந்தது சபைக்கே தெரியும். அவரிடம் யாரும் யோசித்துப் பார்க்கச் சொல்லவில்லை. அவருக்குச் சீட்டு வந்தது. எனக்கும் வந்தது. அம்மாவுக்கு மட்டும் இல்லை. இதைக் கேட்கிறவர்கள், அந்தக் காலம் அப்படி என்பார்கள். காலத்தின் மேல் பழியைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. சீட்டைக் கொடுத்தது காலம் இல்லை, ஒரு மனுஷன்.

இதைவிடக் கேளுங்கள். சீட்டு இல்லை என்று சொன்ன அதே மனுஷன் மறுநாள் கோதுமையைக் கொடுத்தனுப்பினார். அம்மாவும் எப்போதும்போல அரைத்து, பிசைந்து, சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிக் கோயில் வாசலில் கொடுத்துவிட்டு, அதே வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் கை பட்ட அப்பம் ஆகும், அவள் ஆகமாட்டாள். நான் முன் பாயில் உட்கார்ந்து அதைத் தின்றேன். எழுதவே கூசுகிறது, ஆனால் தின்றேன்.

அன்று சாயங்காலம் என் கோபம் முழுவதையும் அம்மா மேலேயே காட்டினேன். "எல்லாம் உன்னாலதாம்மா. கிணத்தடியில போய் பழியை எம் மேலதான போட்ட?"

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உம் மேல எங்கடி போட்டேன்? போன ஜென்மத்துல நீயா இருந்த? எவளோ ஒருத்தி. ஊரு தெரியாது, பேரு தெரியாது, செத்துச் சாம்பலாப் போனவ. அவ மேல போட்டேன். இங்க உசுரோட இருக்கிற யாரு மேலயும் போடலியே."

எனக்கு மறுபிறவியில் நம்பிக்கை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அம்மா அதை எதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கேட்கிறவர்கள் எல்லாம் பழி சுமக்க ஓர் ஆளைத் தேடினார்கள். அவள் வீட்டுக்கு வெளியே ஓர் ஆளைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். உபதேசியார் அந்த ஆளைத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் அவளை நிற்க வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வேதப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். பிள்ளைகளுக்குக் கதையாகப் பத்துத் தடவை சொன்ன பகுதிதான் கண்ணில் பட்டது. பிறவியிலேயே குருடான ஒருவன் வழியில் உட்கார்ந்திருக்கிறான். ஆண்டவரோடு நடந்து வந்த சீஷர்கள் கேட்கிறார்கள்: இவன் குருடனாகப் பிறந்தானே, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்ததா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறக்கும்போதே குருடு என்றால், இவன் எப்போது பாவம் செய்திருக்க முடியும்? பிறப்பதற்கு முன்னால்தானே? என் அம்மா கிணற்றடியில் கேட்டதை ஆண்டவரின் சொந்தச் சீஷர்களே ரோட்டில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் அதற்காக அவர்களை வாசற்படியில் உட்கார வைக்கவில்லை. இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் கண்ணைத் திறக்கிற வேலையைப் பார்த்தார். இன்னோர் இடத்தில், பழைய தீர்க்கதரிசி ஒருவர் திரும்ப வருவார் என்று காத்திருந்தீர்களே, அவர் வேறோர் ஆளாக வந்தாகிவிட்டது என்று அவரே சொல்லியிருந்தார். அதுவும் போன ஜென்மப் பேச்சுப் போலத்தான் பட்டது, குறித்துக்கொண்டேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. இவன் பாவம் இல்லன்னு ஆண்டவர் சொல்லிட்டாரு பாரு. அப்ப முன்பிறவி கிடையாதுன்னு ஆச்சு" என்றார்.

"அதே மூச்சுல பெத்தவங்க பாவமும் இல்லன்னு சொல்லியிருக்காருங்களே அய்யா."

அவர் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "குழந்தை கருவுலயே பாவம் பண்ணலாம்னு அந்தக் காலத்து யூதருங்க நெனச்சாங்க. சீஷருங்க அதைத்தான் கேட்டாங்க. முன்பிறவியைக் கேக்கல" என்றார்.

"வயித்துக்குள்ள சுருண்டு கெடக்கிற புள்ள எங்கங்க போய்த் திருடும்?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்குக் காலு மட்டுந்தான் கோணல்னு நெனச்சேன்" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். இன்றைக்கு வரை அந்த வாசகத்துக்கு நான் தேடி வைத்திருக்கும் பதில்கள் ஐம்பது இருக்கும்.

அடுத்த தடவை துரை வந்தபோது, மாட்டு வண்டியை விட்டு இறங்கியதுமே அவரிடம் கேட்டுவிட்டேன். அவருக்குப் புத்தகத் தமிழ் நன்றாக வரும். பொறுமையாகவே பதில் சொன்னார். ஆதிச் சபையில் இந்தக் கேள்வி இருந்ததாம். உடலுக்கு முன்பே ஆத்துமா இருந்தது என்று பெரிய போதகர் ஒருவரே எழுதினாராம். பிற்காலத்தில் மூப்பர்கள் கூடி, அது தவறு என்று தள்ளிவிட்டார்களாம். ஆனாலும் அந்தப் போதகர் சொன்னதும் நம் ஊரில் சொல்கிறபடி திரும்பத் திரும்பப் பிறப்பதும் ஒன்றல்ல என்றார். மனிதன் ஒரே தரம் மரிக்கிறான், அப்புறம் தீர்ப்பு, அதுதான் சபையின் விசுவாசம் என்றார்.

"அப்ப எங்கம்மா சொன்னது தப்பான பதிலா இருக்கலாங்க. கேட்டதே தப்புங்களா?" என்றேன்.

"மிகவும் நல்ல கேள்வி" என்று சிரித்தார். அம்மாவின் சீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது உள்ளூர்ச் சபையின் ஒழுங்கு. நான் தலையிடலாகாது" என்றார். பல ஆயிரம் மைல் கடல் தாண்டி வந்து எங்கள் சாமி, சடங்கு, பேர் எல்லாவற்றிலும் தலையிட்டவருக்கு, எங்கள் அம்மா உட்காரும் பாயில் மட்டும் தலையிட முடியவில்லை. அந்தத் தடவையும் அம்மா அப்பம் சுட்டுக் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அப்பா ஒரு சனிக்கிழமை, "எதையாச்சும் சொல்லித் தொலையேன். ஊரெல்லாம் பேச்சா இருக்குது" என்றார். அம்மா களியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் மூன்றாவது திருவிருந்துக்கு முந்தின நாள் மாவைப் பிசைந்துகொண்டே, "நாளைக்குச் சொல்லிடறேன்" என்றாள்.

"என்னத்தம்மா சொல்லப் போற?"

"எதையாச்சும்."

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் உபதேசியார் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா வாசற்படியோரத்திலிருந்து எழுந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தமாகவே சொன்னாள்: "இவ வயித்துல இருக்கையில எனக்கு வேண்டாம்னு இருந்துச்சுங்க. கலைஞ்சு போகட்டும்னு எள்ளும் வெல்லமும் இடிச்சுத் தின்னேன். அதனாலதான் காலு கோணிப் போச்சு. ஆண்டவர் மன்னிக்கணும்."

கோயிலில் இருந்த அத்தனை பேரும் என் காலைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் தெரியாமலிருந்த ஒன்று தெரிந்துவிட்ட நிம்மதி அவர்கள் முகத்தில் இருந்தது. உபதேசியார் கண்ணை மூடி நீளமாக ஜெபம் செய்தார். துரையும் ஆமென் சொன்னார். அம்மா முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. பொய்தான் சொல்லப் போகிறாள் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் நம்பிவிட்டேன். பெற்றவளுக்கே நான் வேண்டாதவளாக இருந்திருக்கிறேன் என்று அந்தக் கொஞ்ச நேரம் முழுசாக நம்பினேன். என் காலைப் பற்றிச் சொன்னதைக்கூட உபதேசியாருக்கு மன்னித்துவிடுவேன். அந்தக் கொஞ்ச நேரத்தை மன்னிக்கமாட்டேன்.

அப்பத்தட்டு பாயில் கைமாறி வந்தது. அம்மாவின் முறை வந்ததும் உபதேசியாரே குனிந்து தட்டை நீட்டினார். அம்மா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க."

"ஏம்மா? அதான் எல்லாம் மன்னிச்சாச்சே."

"பாவத்தோட இதைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. இப்பத்தான் ஒரு பாவம் பண்ணிட்டு வந்து உக்காந்திருக்கேன்."

மேஜைக்குப் பின்னால் நின்ற துரை நிமிர்ந்து, "என்ன பாவம்?" என்றார்.

"பொய் சொன்னேனுங்க தொரை. சபை முன்னால, சாமி முன்னால. எள்ளும் இல்ல, வெல்லமும் இல்ல. ஏழு வருசம் புள்ள இல்லாம அழுது பெத்தவளுங்க இவ."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னாய்?"

"மனசுல இருந்த நெசத்தைச் சொன்னேன். ஆறு மாசம் வாசப்படியில உக்கார வெச்சீங்க."

உபதேசியார் துரையைப் பார்த்தார். துரை மேஜையைப் பார்த்தார். பிறகு தட்டு என் முன்னால் வந்தது. அம்மா தட்டிச் சுட்ட அப்பம், ஓட்டின் கறுப்புப் புள்ளி இன்னும் அதில் இருந்தது. நான் எடுக்காமல் பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளிவிட்டேன்.

அம்மா எழுந்து வாசற்படிக்குத் திரும்பிப் போகவில்லை. முன் பாயிலேயே, அப்பத்தைத் தொடாமல், கடைசிப் பாட்டு முடியும் வரை என் இடது காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.