மாப்பிள்ளையின் அப்பப்பா உடுத்த பாவாடை

தையல்கடை வைத்து நொந்துபோனவர்களே, காற்சட்டைக்குச் சிப் மாற்ற வருகிறவர் சிப்போடு வீட்டுச் சண்டையையும் பையில் போட்டுக்கொண்டு வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். சுவிஸின் லாங்கன்தாலில் என் கடைக்குச் சிவம் அண்ணை கொண்டுவந்த சண்டை, கட்டம் போட்டது.

பொய்யோ மெய்யோ

அவருடைய மகள் விரும்பியிருப்பது ஜெனீவாவில் வேலை செய்யும் ஒரு ஸ்கொட்லாந்துப் பொடியனை. அந்த நாட்டு ஆண்கள் விசேஷத்துக்கு உடுத்தும் கம்பளிப் பாவாடை, கில்ட், ஒன்றை அண்ணை என் மேசையில் போட்டார். பட்டாளத்தில் இருந்த அவன் அப்பப்பாவினுடையதாம். கலியாணத்துக்கு இதைத்தான் உடுப்பானாம். ஓட்டைகளைத் தைக்க மகள் கொடுத்துவிட்டிருந்தாள். பட்டாளத்துக் கில்ட் என்பது உண்மையோ என்று முதலில் நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"புரோக்கிக் கடையில பழசா வாங்கிப்போட்டுப் புளுகிறான் எண்டால், தங்கச்சி, இந்தக் கலியாணம் நடவாது."

மடிப்பு சொன்ன சாட்சி

இரண்டு நாள் இணையத்தைக் குடைந்தேன். சாதாரண கில்ட்டில் மடித்த பிறகும் கட்டம் முழுசாகத் தெரியும். பட்டாளத்துக்குத் தைத்ததில் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும். இதிலும் அப்படித்தான் வந்தது. உள்துணியைப் பிரித்தால் முத்திரை குத்திய இலக்கம் ஒன்று மங்கலாகக் கிடந்தது. அண்ணை அதைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"அப்ப பொடியன் பொய் சொல்லேல்ல."

பூச்சி தின்ற இடம்

பதினொரு ஓட்டை. உள்மடிப்பிலிருந்தே நூல் உருவி, கோடு தவறாமல் இழை இழையாகப் பின்னினேன். கண் இரண்டும் பூத்துப்போயிற்று. அண்ணை வேலை முடிந்து தினமும் வந்து விளக்குப் பிடிப்பார். எட்டாவது ஓட்டையில் மெல்லக் கேட்டார்.

"முழங்கால் தெரியுமே, அவனுக்குக் குளிராதோ?"

அளவு பார்த்த நாள்

பொடியன் வந்து உடுத்தான், மடிப்பெல்லாம் பின்னால். அண்ணைக்கும் பொறுக்கவில்லை, எனக்கும் பொறுக்கவில்லை. கொசுவம் முன்னால் வராமல் வேறெங்கே வரும்? அண்ணை முழந்தாளிட்டு இடுப்பு வாரைக் கழற்றி, மடிப்பை முன்னால் திருப்பிக் கட்டிவிட்டார். பொடியன் கையைத் தூக்கி இடம் விட்டுக் கொடுத்தான். கூட வந்த மகள்தான் கைபேசியில் அவன் அப்பப்பாவின் படத்தைக் காட்டினாள். பட்டாள உடுப்பில் நிற்கிறார், முன்பக்கம் தட்டையாக இருக்கிறது. இணையத்தில் மடிப்பின் கோட்டை மட்டும் பார்த்து, அது எந்தப் பக்கம் என்று பார்க்காத என் மானம் போயிற்று.

"ஏன் நீர் சொல்லேல்ல?" என்று கேட்டார் அண்ணை. மகள் அவனை விரும்பிய இரண்டு வருடத்தில் அவனோடு அவர் நேரே கதைத்தது அப்போதுதான். மகளிடம் பழகிய தமிழில் அவன் சொன்னான்:

"மாமா கட்டினது. அப்பிடியே இருக்கட்டும்."

அண்ணை மறுபடி முழந்தாளிட்டார். மடிப்பைப் பின்னால் திருப்பி, வாரைச் சரியாகக் கட்டி முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

கலியாண மண்டபத்தில் கில்ட்டின் மடிப்பு ஏன் பின்னால் வரவேண்டும் என்று மேசைக்கு மேசை போய் விளக்கிய சிவம் அண்ணை, அதன் பதினொரு ஓட்டையையும் தைத்தது யார் என்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.